ஷெர்லாக் ஹோம்ஸ் பயணம்: எங்கே காசு கொடுக்கலாம், எங்கே நடந்தாலே போதும்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், விவரம் பிறகு. ஹோம்ஸ் பிடிக்கும், அவர் நடமாடிய இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் லண்டனில் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், சுவிட்சர்லாந்தில் மைரிங்கன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கே தாராளமாக அவிழ்த்துவிடுங்கள். லண்டனில் நல்ல செருப்பும் கையில் கதைப் புத்தகமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பார்க்கிற பயணத் திட்டம் எல்லாம் இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கிறது. பேக்கர் தெரு அருங்காட்சியகம், வாசலில் ஒரு போட்டோ, சிலை, பப், ஒரு தொப்பி, அவ்வளவுதான், அடுத்து லண்டன் ஐ.

ஆர்தர் கோனன் டாயில் எழுதியவை 4 நாவல்கள், 56 சிறுகதைகள். அவற்றில் பலவற்றில் மனிதர் தெருப் பெயரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். எந்தத் தெருவில் திரும்பினார்கள், எந்த நிலையத்தில் வண்டி ஏறினார்கள், எந்தப் பாலத்தைத் தாண்டினார்கள் என்று எல்லாம் இருக்கும். அதனால் என் வழி இதுதான்: இடங்களைப் பட்டியல் போடாமல் ஒரு கதையை எடுத்துக்கொள்வது, அது போகிற வழியிலேயே போவது. ஒரு மாலைக்கு ஒரு கதை. இப்படிப் போனால் எது வொர்த், எது இல்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பேக்கர் ஸ்ட்ரீட் டியூப் நிலையத்தில் ஆரம்பியுங்கள். உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரி 10 அன்று மக்களுக்காக ஓடத் தொடங்கியபோது இருந்த நிலையங்களில் இதுவும் ஒன்று. 5, 6 எண் நடைமேடைகளுக்குப் போனால் அந்தக் காலத்துச் செங்கல் வளைவுகள் அப்படியே இருக்கின்றன, பக்கச் சுவரில் வெளிச்சம் வருவதற்காக விட்ட சரிவான மாடங்களோடு. சுற்றுலாப் பயணிகள் ஓட்டில் பதித்த ஹோம்ஸ் நிழலுருவத்தைத் தேடி வேறு நடைமேடைக்குப் போய்விடுவார்கள், இங்கே ஆபீஸ் போகிறவர்கள்தான் நிற்பார்கள். நிதானமாக நின்று பார்க்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

செம்பட்டைத் தலைக்காரர்களுக்கு மட்டும் வேலை தரும் விநோதச் சங்கம் பற்றிய கதை நினைவிருக்கிறதா? அதில் ஹோம்ஸும் அவருடைய நண்பர் டாக்டர் வாட்சனும் சுரங்க ரயிலில் ஆல்டர்ஸ்கேட் வரை போகிறார்கள். ஆல்டர்ஸ்கேட்தான் இன்றைக்கு பார்பிகன் நிலையம். அதே தடம், அதே பாதாளம். பேக்கர் ஸ்ட்ரீட்டில் ஏறி பார்பிகனில் இறங்குங்கள், ஆகிற செலவு சாதாரண டியூப் கட்டணம். நூற்றுச் சொச்சம் வருடம் கழித்தும் ஹோம்ஸ் போன வழியில் போக முடிகிறது என்பதற்காகவே எனக்கு இது லண்டனில் மிகப் பிடித்த சவாரி. நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை, உள்ளூரில் பார்ட்ஸ் என்பார்கள், 1123ல் தொடங்கியது. இங்குள்ள ஆய்வகத்தில்தான் ஹோம்ஸ் வாட்சனை முதன்முதலாகப் பார்த்த மாத்திரத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர் என்று சொல்கிறார். இது இன்றும் நோயாளிகள் வந்துபோகிற மருத்துவமனை, அதனால் வெளியே நின்று பார்த்தால் போதும். பிபிசி தொடரில் ஹோம்ஸ் மாடியிலிருந்து குதிப்பதும் இந்தக் கட்டடத்திலிருந்துதான்.

சரி, இனி அந்த அருங்காட்சியகம். முதலில் முகவரிக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் என்ன வாங்குகிறோம் என்று புரியும். ஹோம்ஸின் வீட்டை டாயில் பேக்கர் தெரு 221பி என்று எழுதியபோது பேக்கர் தெருவில் வீட்டு எண்கள் நூறைக்கூடத் தொடவில்லை. 1930களில் மேல் பேக்கர் தெருவையும் சேர்த்து எண்களை மாற்றிப் போட்டபோதுதான் 221 என்று ஒன்று வந்தது. அது பின்னால் அபே நேஷனல் என்று பெயர் மாறிய வீட்டுக்கடன் நிறுவனத்தின் பெரிய கட்டடத்துக்குள் போய் விழுந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஹோம்ஸ் பெயருக்குக் கடிதங்கள் வர, பதில் எழுதுவதற்கென்றே அவர்கள் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 1990ல் வந்த அருங்காட்சியகம் இருப்பது 237க்கும் 241க்கும் நடுவில். சிறப்பு அனுமதியோடு 221பி என்று பலகை மாட்டிக்கொண்டார்கள். கடிதம் யாருக்குச் சேர வேண்டும் என்று ரொம்ப வருடம் இழுபறி நடந்தது. அபே நேஷனல் 2005ல் அந்தக் கட்டடத்தைக் காலி செய்த பிறகுதான் அது ஓய்ந்தது. நம் ஊர் தபால்காரராக இருந்தால் முதல் வாரத்திலேயே பஞ்சாயத்தை முடித்திருப்பார்.

வீடு 1815ல் கட்டியது, குறுகலான மாடிப்படி. முதல் மாடிப் படிப்பறைக்காக மட்டும் வேண்டுமானால் போகலாம். கணப்பு, அதன் இரு பக்கமும் நாற்காலிகள், வயலின், ரசாயனக் குடுவைகள், பாரசீகச் செருப்புக்குள் புகையிலை, கடிதங்களைக் கத்தியால் குத்திவைத்த கணப்பு மேல்பலகை, சுவரில் துப்பாக்கிக் குண்டால் போட்ட, விக்டோரியா ராணியைக் குறிக்கும் வி.ஆர். எழுத்து. கதையில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலுள்ள மாடிகளில் கதைக் காட்சிகள் மெழுகு பொம்மைகளாக நிற்கின்றன. குழந்தைகளோடு வந்தவர்களுக்குப் பிடிக்கலாம், எனக்கு மெழுகு பொம்மையே ஆகாது, அது என் குறை. பெரியவர்களுக்கு டிக்கெட் பதினைந்து பவுண்டைத் தாண்டும், நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கதைகளை மனப்பாடமாக வைத்திருப்பவர், வாழ்க்கையில் ஒரு தடவைதான் லண்டன் வருகிறவர் என்றால் போங்கள், மனசு கேட்காது. தொடர் மட்டும் பார்த்தவர், நாலு பேர் குடும்பம் என்றால் பக்கத்திலுள்ள கடையை இலவசமாகப் பார்த்துவிட்டு வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அசல் 221பி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அருங்காட்சியகத்தைவிட இதுதான் பிடித்தது. அருவியில் விழுந்து செத்துப்போனதாக நினைத்த ஹோம்ஸ் திரும்பி வருகிற கதையில், வாட்சனைக் கூட்டிக்கொண்டு கேவண்டிஷ் சதுக்கத்தில் வண்டியை நிறுத்தி, லாயச் சந்துகளுக்குள் புகுந்து மான்செஸ்டர் தெரு, பிளாண்ட்ஃபோர்ட் தெரு வழியாக ஒரு காலி வீட்டின் பின்கட்டுக்குள் நுழைவார். அந்த வீட்டின் முன்ஜன்னலுக்கு நேர் எதிரே 221பி. அப்படியென்றால் டாயில் மனதில் இருந்த வீடு தெருவின் தெற்குப் பாதியில், பிளாண்ட்ஃபோர்ட் தெரு சந்திப்பை ஒட்டி இருந்திருக்க வேண்டும். அருங்காட்சியகம் இருப்பதோ வடகோடியில், ரீஜண்ட்ஸ் பூங்காவுக்குப் பக்கம். இது எந்த வீடு என்று ஹோம்ஸ் பைத்தியங்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேவண்டிஷ் சதுக்கத்திலிருந்து அதே வழியில் நடந்து வந்து நீங்களும் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இருட்டிய பிறகு நடந்தால் நல்லது, கதையிலும் இரவுதான்.

லண்டனில் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் வாத்தின் வயிற்றில் நீலக்கல் கிடைக்கிற கிறிஸ்துமஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1892 ஜனவரியில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்தது, அளவில் சின்னது, டியூபில் போகும்போதே படித்து முடித்துவிடலாம். பேக்கர் தெருவிலிருந்து டாக்டர்கள் பேட்டை வழியாக, அதாவது விம்போல் தெரு, ஹார்லி தெரு, விக்மோர் தெரு, அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு தெரு, பிறகு ப்ளூம்ஸ்பரியில் ஆல்ஃபா என்கிற மதுக்கடை. ஹார்லி தெருவில் இன்றும் பித்தளைப் பலகை போட்ட டாக்டர்கள்தான். டாயிலே 1891ல் மேல் விம்போல் தெருவில் கண் மருத்துவராக அறை எடுத்திருந்தார், நோயாளிகள் வரவில்லை, உட்கார்ந்து கதை எழுதினார், அவருக்கு ஒரு நினைவுப் பலகையும் அங்கே உண்டு. அந்தத் தெருவில் நாலு நோயாளி வந்திருந்தால் நமக்கு ஹோம்ஸ் இல்லை. கால் மணி நேரத்தில் ப்ளூம்ஸ்பரி வந்துவிட்டதாக வாட்சன் எழுதுகிறார். நம்பாதீர்கள், சாதாரண நடைக்கு அரை மணி நேரம் ஆகும். ஆல்ஃபா என்பது பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே இருக்கும் மியூசியம் டாவெர்ன்தான் என்று பலர் சொல்கிறார்கள். இடம் பொருந்துகிறது, ஒரு எலுமிச்சை சோடாவோடு உட்கார்ந்து கால் ஆற்றிக்கொள்ளலாம். பிறகு ஹோல்பர்னைக் கடந்து கோவண்ட் கார்டன். வாத்து வியாபாரியிடம் பந்தயம் கட்டி ஹோம்ஸ் விஷயத்தைக் கறக்கிற இடம். சந்தை போய்விட்டது, இப்போது துணிக்கடையும் காபிக் கடையும்தான், ஆனால் கூட்டமும் கூச்சலும் குறையவில்லை.

காசு கொடுத்து வழிகாட்டியோடு போகிற நடைச்சுற்றுகள் லண்டனில் ஏராளம். நான் சேர்ந்த ஒன்றைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வழிகாட்டிப் பெண் நன்றாகத்தான் பேசினார், ஆனால் சொன்னதில் முக்கால்வாசி தொடரிலும் சினிமாவிலும் வந்தது, நடுவில் கொலைகாரன் ஜாக் வேறு புகுந்துவிட்டான். டாயிலின் கதைகளில் ஒன்றையாவது எடுத்து அது நடந்த தெருவில் எங்களை நிறுத்துவார் என்று பார்த்தேன், நடக்கவே இல்லை. மழையில் இரண்டு மணி நேரம். பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டு எந்தெந்தக் கதைகளின் இடங்களுக்குப் போகிறீர்கள் என்று கேளுங்கள். ஒழுங்கான பதில் வந்தால் சேருங்கள்.

கோவண்ட் கார்டனிலிருந்து இரண்டு தெரு தள்ளினால் லைசியம் தியேட்டர். நால்வர் சின்னம் நாவலில் மேரி மார்ஸ்டனுக்கு வருகிற மொட்டைக் கடிதம், இந்தத் தியேட்டர் வாசலில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது தூணுக்கு ஏழு மணிக்கு வரச் சொல்கிறது. அந்தத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஏழு மணிக்குப் போனால் உள்ளே லயன் கிங் பார்க்க வந்த கூட்டம் உங்களை மூன்றாவது தூணோடு அமுக்கிவிடும், அதுவும் கதைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, வாட்சனும் அன்றைய தியேட்டர் கூட்டத்தைத்தான் விவரிக்கிறார். இங்கிருந்து அவர்களை ஏற்றிக்கொண்ட வண்டி தேம்ஸைத் தாண்டித் தெற்கே போகும், கடைசியில் அப்பர் நார்வுட்டில் ஒரு பங்களாவில் போய் முடியும். பங்களாவின் பெயர் பாண்டிச்சேரி லாட்ஜ். இந்தியாவில் படையில் இருந்துவிட்டுப் புதையலோடு திரும்பிய மேஜர் வைத்த பெயர். பங்களா கற்பனை, நார்வுட்டில் தேடவேண்டாம்.

டாயிலுக்குப் பாண்டிச்சேரி மேல் என்ன பிடிமானமோ, ஐந்து ஆரஞ்சு விதைகள் கதையிலும் அந்த ஊர் வருகிறது. உறைக்குள் ஐந்து விதைகளோடு வருகிற முதல் மிரட்டல் கடிதத்தில் பாண்டிச்சேரி முத்திரை. கடிதம் நீராவிக் கப்பலில் வந்திருக்கிறது, அனுப்பியவன் பாய்மரக் கப்பலில் வருகிறான், அதனால்தான் இரண்டுக்கும் இடையில் அத்தனை வாரம் என்று ஹோம்ஸ் கணக்குப் போடுவது அந்தக் கதையின் அழகான இடம். பொஹீமியக் கதையின் ஆரம்பத்தில் திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த துயரத்தை ஹோம்ஸ் துப்புத் துலக்கியதாக ஒரே ஒரு வரி வரும், அதற்கு மேல் மூச்சில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் ஹோம்ஸ் பெயரில் ஒரு பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

லண்டனில் காசு செலவழித்துத்தான் ஆகவேண்டும் என்றால் நார்தம்பர்லாண்ட் தெருவில், சேரிங் கிராஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தி ஷெர்லாக் ஹோம்ஸ் பப்பில் செலவழியுங்கள். 1951ல் பிரிட்டன் விழாவை ஒட்டி பேக்கர் தெருவில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள், அதற்காக அமைத்த ஹோம்ஸின் வரவேற்பறைதான் பிறகு அமெரிக்கா போய்விட்டு வந்து, 1957ல் இந்தப் பப்பின் மாடிக்குக் குடிவந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும், கட்டணம் கிடையாது. பேக்கர் தெரு அருங்காட்சியகத்துக்கு முப்பது வருடத்துக்கும் மேல் மூத்த அறை இது. கீழே சுவரெல்லாம் படங்கள், பழைய சாமான்கள். முன்பு இது நார்தம்பர்லாண்ட் ஆர்ம்ஸ் என்ற விடுதி. பேய் நாய் வருகிற பாஸ்கர்வில் நாவலில் சர் ஹென்றி தங்குவதும் அவருடைய பூட்ஸ் காணாமல் போவதும் நார்தம்பர்லாண்ட் ஓட்டலில் என்பதால் இந்த இடம்தான் அது என்று ஒரு கட்சி இருக்கிறது. பக்கத்துச் சந்தில் திரும்பினால் பழைய துருக்கிக் குளியல் நிலையத்தின் பெண்கள் வாசல், மூரிஷ் வளைவுகளோடு. ஹோம்ஸும் வாட்சனும் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்த நார்தம்பர்லாண்ட் நிழற்சாலைக் குளியல் நிலையத்தின் மிச்சம் அது. பப்புக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதைப் பார்க்காமலே போகிறார்கள். ஆபீஸ் விடுகிற நேரத்தைத் தவிர்த்துப் பிற்பகல் மூன்று மணி வாக்கில் போனால் மாடியில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

என்னோடு வந்திருந்த அக்கா மகனுக்கு ஹோம்ஸ் என்றால் நீளக் கோட்டு போட்ட பிபிசி ஆள்தான். "மாமா, நிஜ வீடு யூஸ்டன்ல இருக்கு, நீங்க தப்பான எடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க" என்று ஒரே நச்சரிப்பு. நார்த் கோவர் தெரு 187, தொடரில் 221பி ஆகக் காட்டிய கதவு அது, ஒட்டினாற்போல ஸ்பீடீஸ் என்கிற சின்ன கஃபே. தொடருக்கு முன்பிருந்தே உள்ள அக்கம்பக்கத்துக் கடை. முட்டை, டோஸ்ட், டீ என்று காலைச் சாப்பாடு. தொடர் ரசிகர்கள் போனால் சந்தோஷப்படுவார்கள், அவனும் பட்டான். எனக்கு டீ கிடைத்தது.

தொப்பி பற்றி ஒரு வார்த்தை. காதை மூடுகிற அந்த வேட்டைத் தொப்பியை டாயில் அந்தப் பெயரில் எங்கேயும் எழுதவில்லை, பயணத் தொப்பி என்ற அளவில் வருவதை ஓவியர் சிட்னி பேஜெட் ஸ்ட்ராண்ட் இதழுக்காக அப்படி வரைந்தார். வளைந்த பெரிய சுங்கானும் மேடை நாடகக் காலத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்டதுதான், கதைகளில் வருவது களிமண், பிரையர், செர்ரி மரக் குழாய்கள். அந்தக் காசுக்குப் பழைய புத்தகக் கடையில் பேஜெட் படங்களோடு வந்த ஒரு மறுபதிப்பு வாங்கலாம்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் டார்ட்மூர் பொட்டல்வெளியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கார் இல்லாமல் அது கஷ்டம். 1901ல் டாயில் பிரின்ஸ்டவுனில் தங்கி, பாஸ்கர்வில் நாவலுக்காக அந்தப் பொட்டல்வெளியை நடந்து பார்த்தார். பக்கத்தில் இருக்கும் ஃபாக்ஸ் டோர் சேற்று நிலம்தான் கதையின் கிரிம்பன் சதுப்பு என்பார்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், அது நிஜமாகவே காலை இழுக்கும். ஹோம்ஸ் ஒளிந்திருந்த கல் குடிசை போன்றவற்றைக் கிரிம்ஸ்பௌண்ட் என்ற வெண்கலக் காலக் குடியிருப்பில் பார்க்கலாம், வெறும் கல் வட்டங்கள்தான், ஆனால் காற்று அடிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். பக்ஃபாஸ்ட்லீயில் ரிச்சர்டு கேபல் என்கிற பொல்லாத பண்ணையாரின் கல்லறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆவி வெளியே வந்துவிடக்கூடாது என்று மேலே கனமான பலகைக் கல், சுற்றிக் கட்டடம், இரும்புக் கம்பி. நாய்க் கதையின் வேர் இங்கேயும் இருக்கிறது. ஒரு நாளில் போய் வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரு இரவாவது தங்குங்கள்.

இனி மைரிங்கன். ஹோம்ஸ் அருவியில் விழுகிற கதையில் அவரும் வாட்சனும் விக்டோரியா நிலையத்தில் ஏறி, கேன்டர்பரியில் இறங்கி, துரத்தி வருகிற எதிரி மோரியார்ட்டியை ஏமாற்றி, நியூஹேவன் துறைமுகத்தில் கப்பல் பிடித்து டியப், பிரசல்ஸ், ஸ்ட்ராஸ்பர்க், ஜெனீவா என்று சுற்றுவார்கள். நியூஹேவன் டியப் கப்பல் இன்றும் ஓடுகிறது, நேரம் உள்ளவர்கள் அப்படியே போகலாம். மற்றவர்களுக்கு லண்டன் செயின்ட் பங்க்ராஸிலிருந்து யூரோஸ்டார் ரயில், பாரிஸில் ரயில் நிலையம் மாறி பாசல் போகிற டிஜிவி அதிவேக ரயில், அங்கிருந்து இன்டர்லாக்கன். காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் சேரலாம். பிரிட்டன் விசாவும் ஷெங்கன் விசாவும் தனித்தனி என்பதை மறக்கவேண்டாம், நம்மவர்களின் திட்டம் இடிந்து விழுவது பெரும்பாலும் இங்கேதான். இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் சின்ன ரயில் மாறினால் ஏரிக்கரையோடு அரை மணிச் சொச்சத்தில் மைரிங்கன்.

1893ல் சுவிட்சர்லாந்துக்கு வந்த டாயில் ரைஷன்பாக் அருவியைப் பார்த்தார். அதே வருடம் டிசம்பர் இதழில் ஹோம்ஸை அதில் தள்ளிவிட்டார். ஊர்க்காரர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, கொண்டாடுகிறார்கள். கதைப்படி அது நடந்தது 1891 மே 4. அந்த நாளின் நூற்றாண்டில், 1991 மே 4 அன்று, ஊரிலுள்ள பழைய ஆங்கிலத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். வாசலில் ஜான் டபுள்டே செய்த சிலை, 1988ல் வைத்தது, பேக்கர் தெரு சிலையும் இவர் செய்ததே. ஆனால் லண்டன் ஹோம்ஸ் நின்றுகொண்டு எங்கோ பார்க்கிறார், இங்கே பாறையில் உட்கார்ந்து சுங்கானோடு யோசிக்கிறார், சிலையைச் சுற்றி 60 கதைகளுக்கும் ஒவ்வொன்றாக 60 துப்புகள் ஒளிந்திருக்கின்றன. நாங்கள் இதன் முன்னால் செலவழித்த நேரம் உள்ளே செலவழித்ததைவிட அதிகம். கதை படிக்காத அக்கா மகனே ஒவ்வொன்றையும் காட்டி இது எந்தக் கதை என்று கேட்க ஆரம்பித்துவிட்டான், ஊருக்குத் திரும்பியதும் புத்தகமும் வாங்கினான். உள்ளே உள்ள வரவேற்பறை சின்னது, மெழுகு பொம்மை ஆர்ப்பாட்டம் இல்லை, டிக்கெட் லண்டனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

எதிரில் பார்க்ஹோட்டல் டு சோவாஜ். கதையில் அவர்கள் தங்கிய ஆங்கில ஓட்டல் இதுவாக இருக்கலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். 1891 அக்டோபரில் ஊரில் பெரும் தீ பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது, ஹோம்ஸ் மே மாதமே வந்துபோனது நல்லதாயிற்று. அந்த ஓட்டலில் தங்குவது கைக்கு மீறினால் தெருவில் மலிவான விடுதிகளும் உண்டு. மெராங் என்கிற இனிப்பு பிறந்தது இந்த ஊரில்தான் என்பது இவர்கள் பெருமை, பேரிலேயே ஊர் இருக்கிறது என்பார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்துச் சுட்டு, மேலே மலை மாதிரி க்ரீம். முட்டை சாப்பிடாதவர்கள் கவனம். மற்றவர்கள் இரண்டு பேருக்கு ஒன்று சொல்லுங்கள், மிச்சம் வைக்காமல் முடிப்பது கஷ்டம்.

நிலையத்திலிருந்து ஆரே ஆற்றைத் தாண்டி இருபது நிமிடம் நடந்தால் வில்லிகன். அங்கிருந்து அருவிக்கு மேலே ஏற ஒரு கம்பி ரயில். பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை, அதே சமாச்சாரம், ஆனால் பெட்டி மரத்தில் செய்தது, பக்கவாட்டில் திறந்திருக்கும், சாரல் முகத்தில் அடிக்கும். 1899ல் ஓடத் தொடங்கியது, சுமார் 240 மீட்டர் உயரத்தைச் சில நிமிடத்தில் ஏறிவிடும். அருவி எல்லா அடுக்கும் சேர்த்துச் சுமார் 250 மீட்டர். மேல் மேடையில் நின்றால் எதிர்ப்பக்கப் பாறை விளிம்பில் ஒரு வெள்ளை நட்சத்திரம் தெரியும், ஹோம்ஸுக்கும் மோரியார்ட்டிக்கும் கைகலப்பு நடந்த இடம் அதுதான். பெரும்பாலோர் இங்கே செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் அருவிக்கு மேலே ஏறிப் பாலத்தைத் தாண்டி மறுபக்கம் போங்கள், அரை மணிக்கு மேல் ஆகும், செங்குத்தான இடங்கள் உண்டு, நல்ல ஷூ வேண்டும். அந்த விளிம்பில் பலகையைப் படித்துவிட்டுக் கீழே எட்டிப் பார்க்கும்போதுதான், தப்பிக்க வழியில்லாத இடமாகப் பார்த்து டாயில் எவ்வளவு கச்சிதமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று புரிகிறது. பாதை பாதியில் அறுந்து நிற்கும், கதையில் சொன்னது போலவே.

இறங்கும்போது விஞ்ச் வேண்டாம், நடந்து இறங்குங்கள். ஒரு நோயாளிப் பெண்ணுக்கு உடனே வைத்தியர் வேண்டும் என்ற பொய்க் கடிதத்தை நம்பி வாட்சன் ஓட்டலுக்கு ஓடியது அந்த வழிச்சரிவில்தான், இறங்க ஒரு மணிச் சொச்சம், திரும்ப ஏற இரண்டு மணி நேரம் ஆனதாக எழுதுகிறார். மரங்களுக்கு நடுவில் இறங்கும்போது அந்த மூன்று மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது.

போகிற காலம் முக்கியம். கம்பி ரயில் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் தொடக்கம் வரைதான், குளிர்காலத்தில் போய் நின்றால் கேட்டைத்தான் பார்க்கலாம். அருவித் தண்ணீரில் ஒரு பங்கு மின்சாரத்துக்குப் போகிறது, அதனால் கோடைக் கடைசியில் கொஞ்சம் இளைத்திருக்கும், பனி உருகுகிற மே கடைசி, ஜூனில்தான் கதையில் வருகிற உறுமல் கேட்கும். அருங்காட்சியகம் திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், இரண்டையும் பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள். காலையில் அருவி, பிற்பகலில் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால் சாயங்காலம் மெராங்குக்கு நேரம் இருக்கும், மறுநாள் காலையில் ஆரே ஆற்றின் இடுக்குப் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு லூசர்ன் ரயிலைப் பிடிக்கலாம்.